மேல்வீட்டில் முதலில் விழும் கோல்

கண்ணாடிக்காரர் வீட்டில் கோல் எப்போதும் கூரை வழியாகத்தான் வந்து சேரும். முதலில் மேல்வீட்டிலிருந்து "கோ...ல்!" என்று ஒரு சத்தம் கிளம்பும். மேசைமேல் இருக்கும் டம்ளர் அதிரும். அந்த நேரத்தில் கீழே கணினித் திரையில் ஆட்டக்காரர்கள் நடு மைதானத்தில் சாவகாசமாகப் பந்தை உருட்டிக்கொண்டிருப்பார்கள். முப்பத்தெட்டு விநாடி கழித்து, எல்லோரும் சாப்பிட்டுக் கை கழுவியபின் வந்து நிற்கும் விருந்தாளியைப் போல, அந்தக் கோல் திரையில் விழும்.

முப்பத்தெட்டு என்பது குத்துமதிப்பாகச் சொன்னது இல்லை, கைக்கடிகாரத்தை வைத்து நான்கு தடவை அளந்தது. அவர் மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தீட்டிப் பிரேமில் பொருத்துகிறவர். வந்தவரின் கண்மணிக்கு நேராக லென்ஸில் ஒரு புள்ளி வைப்பார். அந்தப் புள்ளி அரை மில்லிமீட்டர் விலகினாலும் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார். கடையில் அவருக்கு 'அரை மில்லி' என்றே பெயர். இப்படிப்பட்ட மனிதருக்கு முப்பத்தெட்டு விநாடி என்றால் எவ்வளவு பெரிய அநியாயம் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

மேலே இருந்து கத்துகிறவர் அவருடைய கூடப் பிறந்த அண்ணன். லிஃப்ட் மெக்கானிக். முப்பது வருடமாக லிஃப்ட் குழியின் அடியில் நின்றுகொண்டு, ஏழாவது மாடியில் இருக்கும் உதவியாளுக்குக் கேட்கும்படி "நிறுத்து! இறக்கு!" என்று கத்திக் கத்தி, அந்தக் குரலே அவருக்கு நிலைத்துவிட்டது. அவர் வீட்டுக்குள் உப்பு கேட்டால் தெருமுனைக் கடைக்காரர் உப்புப் பொட்டலத்தை எடுத்து வைத்துவிடுவார் என்பது தெருவில் பழைய கேலி. அவருக்குத் தெரு வைத்த பெயர் மைக்செட்.

அப்பா கட்டிய வீடு அது. மேலே அண்ணன் குடும்பம், கீழே தம்பி குடும்பம், பக்கவாட்டில் பதினான்கு படிகள். இரண்டு வீட்டிலும் பிள்ளைகள் படித்து முடித்து வேலைக்கு வெளியூர் போய்விட்டார்கள். மிச்சம் நான்கு பேர். அந்த நான்கு பேரில் இரண்டு பேர் மூன்று வருடமாகப் பேசிக்கொள்வதில்லை.

காரணத்தைக் கேட்டால் சிரிப்பு வரும். அவர்களிடம் சிரித்துவிடாதீர்கள்.

சின்ன வயதிலிருந்தே அண்ணன் தம்பி இருவருக்கும் உயிர் நீலச்சட்டை அணிதான். அந்த அணியின் ஆட்டம் ஒன்றுவிடாமல் மேல்வீட்டு டிவியில் சேர்ந்தே பார்ப்பார்கள். ஆட்டம் நடக்கும்போது யாரும் இடம் மாறி உட்காரக் கூடாது என்பது அண்ணன் வைத்த சட்டம். மூன்று வருடம் முன்பு ஒரு முக்கியமான ஆட்டம். அண்ணன் வேலை செய்யும் இடத்து நண்பர்கள் நாலைந்து பேர் வந்திருந்தார்கள். எதிரணிக்குப் பெனால்ட்டி கிடைத்த நேரத்தில் தம்பி தண்ணீர் குடிக்க எழுந்தார். பந்து வலைக்குள் போய்விட்டது. அண்ணன் அத்தனை பேர் நடுவில் திரும்பிப் பார்த்து, "உனக்கு ராசியே கிடையாதுடா. நீ கால் வச்ச இடம் விளங்காது" என்று சொல்லிவிட்டார்.

வேறொரு மாதத்தில் சொல்லியிருந்தால் தம்பியும் பதிலுக்கு நாலு சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பார். ஆனால் அந்த மாதம்தான் அவர் பதினோரு வருடம் சொந்தமாக நடத்திய கண்ணாடிக் கடையை மூடியிருந்தார். பெயர்ப்பலகையைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, இன்னொருவர் கடையின் பின்னறையில் சம்பளத்துக்குச் சேர்ந்து எட்டு நாள்தான் ஆகியிருந்தது. அவர் கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்தார். படியிறங்கினார். அதற்கப்புறம் ஏறவில்லை.

பெண்கள் இருவரும் இந்தச் சண்டையில் சேரவில்லை. கண்ணாடிக்காரர் மனைவி பாலர் பள்ளியில் டீச்சர். முப்பது குழந்தைகளின் சண்டையைத் தினமும் தீர்த்துவைக்கிறவர், வீட்டில் இருக்கும் ஒரு குழந்தையின் சண்டையை மட்டும் தீர்க்க முடியவில்லை என்று அலுத்துக்கொள்வார். மேல்வீட்டு அண்ணிக்கும் டீச்சருக்கும் நடுவில் ஒரு கிண்ணம் படியேறி இறங்கிக்கொண்டே இருந்தது. ஒரு நாளும் அது காலியாகப் போனதில்லை, காலியாக வந்ததும் இல்லை.

ஆண்களின் கதைதான் கஷ்டம். கோபத்தில் கால்பந்தையும் விட்டிருந்தால் பிழைத்திருக்கலாம். கண்ணாடிக்காரரால் ஒரு வருடத்துக்குமேல் தாக்குப்பிடிக்க முடியவில்லை. சொந்தமாக டிஷ் வைக்கலாம் என்றால் அதை மொட்டைமாடியில்தான் மாட்ட வேண்டும். மொட்டைமாடிக் கதவின் சாவி அண்ணனிடம். "சாவி குடு" என்று கேட்க இரண்டு வார்த்தை வேண்டும், அந்த இரண்டு வார்த்தை அவரிடம் இல்லை.

அந்தச் சமயத்தில் கடையில் பழைய கணினியைத் தள்ளிவிட்டுப் புதிது வாங்கினார்கள். பழையது வீட்டுக்கு வந்தது. கண் பரிசோதனைக்குப் பயன்பட்ட கணினி அது. திறந்தால் மேலே பெரிய எழுத்து, வரவரச் சின்ன எழுத்து என்று பலகை முதலில் வந்து நிற்கும். இணையத்தில் காசில்லாமல் டிவி பார்க்கலாம் என்று கடையில் யாரோ சொன்னார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்தவர், சாயங்காலம்வரை எழுந்திருக்கவில்லை.

உலகமே அதற்குள் இருந்தது. ஒரு சேனலில் முழுநேரமும் ஏதோ ஒரு துறைமுகம், கப்பல் வரும், கப்பல் போகும். இன்னொன்றில் புரியாத மொழியில் ஒரு சட்டசபை, பாதிப் பேர் தூக்கம். இன்னொன்றில் ஒரு பெண்மணி வானிலை சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் காட்டிய படத்தில் எந்த ஊர் நனையும், எந்த ஊர் காயும் என்று கண்ணாடிக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை, இருந்தாலும் கால்மணி நேரம் பார்த்தார். கடைசியில் நூற்றிப் பதினேழாவது சேனலில் நீலச்சட்டை அணி ஓடிக்கொண்டிருந்தது. வர்ணனை வேறு மொழி. அதனால் என்ன, பந்துக்கு மொழியா இருக்கிறது?

ஓசி டிவிக்கு உரிய தொல்லைகள் எல்லாம் இருந்தன. திரையை மறைத்துக்கொண்டு உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது என்று ஒரு பெட்டி வரும். அதன் மூலையில் இருக்கும் பெருக்கல் குறியை அமுக்கினால் இரண்டு பெட்டி வரும். நல்ல கட்டத்தில் படம் நின்று, நடுவில் ஒரு வட்டம் சுற்றும். ஆட்டக்காரர்கள் சிலநேரம் சதுரம் சதுரமாக உடைந்து மறுபடி ஒட்டிக்கொள்வார்கள். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா? அவர் எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டார். அந்த முப்பத்தெட்டு விநாடியைத்தான் பொறுக்க முடியவில்லை.

"வேணும்னே பண்றான்" என்றார் டீச்சரிடம். "நான் கீழ பாக்கறேன்னு தெரியும். தெரிஞ்சேதான் கத்தறான்."

"அவர் எப்பவும் அப்படித்தானே கத்துவாரு? நீங்க பக்கத்துல உட்கார்ந்து பாத்தப்பவும் இதே கத்தல்தான்."

"அப்போ எனக்கும் அதே நேரத்துல கோல் விழுந்துச்சு."



கண்ணாடிக்காரர் ஒட்டடைக்கம்பை எடுத்துவந்து மேசை ஓரம் சாத்திவைத்தார். அடுத்த ஆட்டத்தில் மேலே "கோ...ல்!" என்றதும், கம்பின் அடிப்பக்கத்தால் கூரையில் ஓங்கி மூன்று தட்டுத் தட்டினார். வாயை மூடு என்று அதற்கு அர்த்தம். மேலே என்ன ஆயிற்று தெரியுமா? சத்தம் இரண்டு மடங்காயிற்று. காலால் தரையைத் தட்டுகிற சத்தம் வேறு. சுண்ணாம்புத் தூள் கண்ணாடிக்காரர் தலையில் கொட்டியது.

"பாத்தியா! பாத்தியா!" என்றார் தூளைத் தட்டிவிட்டுக்கொண்டு. "இதுக்குமேல என்ன வேணும்?"

இப்படியே இரண்டு வருடம். மேலே கத்தல், கீழே மூன்று தட்டு, மேலே அதைவிடப் பெரிய கத்தல். மேசைக்கு மேலே கூரையில் வட்ட வட்டமாகத் தழும்பு விழுந்துவிட்டது. பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிற வம்சம் அது, இரண்டு பேருமே இறங்கி வருகிற ஆள் இல்லை. ஆனால் ஒரு விஷயத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆட்டம் இல்லாத நாட்களில் மேலே நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டால் கண்ணாடிக்காரர் கையிலிருக்கும் வேலையை நிறுத்திவிட்டுக் காதுகொடுப்பார். அண்ணன் வேலைக்குக் கிளம்பும் காலடிச் சத்தம் படியில் இறங்கி முடிகிறவரை சட்டைப் பித்தான் போடாமல் நிற்பார். அவருக்கு அண்ணன் வேண்டும். மூன்று வருடமாக அது ஒன்றுதான் வேண்டும். முதல் வார்த்தை மட்டும் மேலே இருந்து வர வேண்டும், அவ்வளவுதான்.

அந்த வருடம் நீலச்சட்டை அணி ஆடிய இறுதிப்போட்டிக்கு இரண்டு வாரம் முன்பு டீச்சர் கிண்ணத்தோடு கீழே வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"மேல பெரியவருக்கு ஒடம்பு சரியில்லையாம். வேலை செய்யற இடத்துல நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்துட்டாராம். டாக்டர் மாத்திரை குடுத்து, எதுக்கும் அலட்டிக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு."

"ம்" என்றார் கண்ணாடிக்காரர். மறுநாள் கடையில் ஒரே ஆளின் லென்ஸை மூன்று தடவை தவறாக வெட்டினார். அரை மில்லி இல்லை, இரண்டு மில்லி. கடைக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன சார், ஒடம்பு முடியலையா?" என்று கேட்டார்.

"எனக்கு ஒண்ணும் இல்ல" என்றார் இவர், 'எனக்கு' என்பதை அழுத்தி.

அந்த வார இறுதியில் அரையிறுதி ஆட்டம். டீச்சர் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்க மேலே போயிருந்தார். கண்ணாடிக்காரர் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாலும் காது முழுவதும் கூரையில்தான் இருந்தது. "கோ...ல்!" என்று மேலே சத்தம் வெடித்ததும் அவருக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. இருக்கிறான், நன்றாக இருக்கிறான், கத்துகிற அளவுக்குத் தெம்பாக இருக்கிறான். அன்று அவர் கம்பைத் தொடவே இல்லை. கோல் திரைக்கு வந்தபோது அதைச் சரியாகப் பார்த்தாரா என்பதும் சந்தேகம்தான்.

டீச்சர் இறங்கி வர வெகுநேரம் ஆயிற்று. வந்ததும், "மேல கொஞ்ச நேரம் பேசிக்கிட்டு இருந்தேன்" என்று மட்டும் சொன்னார். என்ன பேசினீர்கள் என்று இவரும் கேட்கவில்லை. கேட்டால் கௌரவம் குறைந்துவிடுமே.

இறுதிப்போட்டி ஞாயிறு மாலை நான்கு மணிக்கு. தெருவே வெறிச்சோடிக் கிடந்தது. கண்ணாடிக்காரர் மூன்றரைக்கே கணினியைத் திறந்து, பரிசுப் பெட்டிகளை எல்லாம் மூடி, நூற்றிப் பதினேழில் போய் உட்கார்ந்தார். ஜன்னல் வழியாகப் படிக்கட்டின் அடிப்பகுதி தெரியும். அண்ணனின் செருப்பு அங்கேதான் கிடந்தது. ஆள் வீட்டில் இருக்கிறார். மேலே டிவி ஓடுவது லேசாகக் கேட்டது.

முதல் பாதியில் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் பாதியும் பெரும்பகுதி ஓடிவிட்டது. அண்ணன் ஒருமுறைகூட வாயைத் திறக்கவில்லை. ஆட்டம் அப்படி இருக்கிறது போல என்று இவர் நினைத்துக்கொண்டார். எழுபத்தெட்டாவது நிமிடத்தில் நீலச்சட்டையின் ஒல்லி ஆள் ஒருவன் இடதுபக்கமாக ஓடினான். மேலே சத்தம் இல்லை, அப்படியென்றால் இதுவும் வீணாகத்தான் போகும் என்று பழக்கத்தில் தளர்ந்து உட்கார்ந்தார். ஒல்லி ஆள் இரண்டு பேரை ஏமாற்றி உள்ளே திரும்பினான். அடித்தான். பந்து கம்பத்தில் பட்டு வலைக்குள் விழுந்தது.

கண்ணாடிக்காரர் நாற்காலியைக் கவிழ்த்துக்கொண்டு எழுந்தார். "கோ...ல்!" என்று அவர் போட்ட சத்தத்தில் டீச்சர் அடுப்படியிலிருந்து ஓடிவந்தார். மூன்று வருடத்தில் முதல்முறையாக யாரும் முன்கூட்டிச் சொல்லாமல், பளிச்சென்று, புத்தம்புதிதாக ஒரு கோல். அவர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு குதித்தார். ஐம்பதை நெருங்குகிற மனிதர், வேட்டி அவிழ்வதுகூடத் தெரியாமல் குதித்தார்.

"என்னங்க இது, இன்னிக்கு நீங்க முதல்ல கத்தறீங்க?" என்று டீச்சர் சிரித்தார்.

தூக்கிய கை அப்படியே நின்றது. கண்ணாடிக்காரர் கூரையைப் பார்த்தார்.

மேலே கோல் விழுந்து ஒரு நிமிடமாவது ஆகியிருக்க வேண்டும். இறுதிப்போட்டியில், எழுபத்தெட்டாவது நிமிடத்தில், நீலச்சட்டை கோல் அடித்து, மைக்செட் கத்தவில்லை. டிவி ஓடுகிறது. செருப்பு கிடக்கிறது. ஆள் கத்தவில்லை.

"அவன் ஏன் கத்தல?" என்றார். 

டீச்சர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், அதற்குள் இவர் வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு வாசலைத் தாண்டிவிட்டார். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். இங்கே இரண்டுமே ஆடின. பதினான்கு படியையும் எப்படி ஏறினார் என்று பின்னால் கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. மூன்று வருடம் வீம்பாக அடக்கிவைத்த வார்த்தை எல்லாம் ஒவ்வொரு படிக்கும் ஒன்றாக நெஞ்சில் முட்டியது. ஒரு 'சாவி குடு'வுக்காகவா இவ்வளவு நாள் வீணாக்கினோம் என்று தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம்போல இருந்தது. கதவைத் தட்டவில்லை, தள்ளினார்.

அண்ணன் சோபாவில் குனிந்து கிடந்தார். முகத்தில் தலையணை. இரண்டு கையாலும் அதை இறுக்கிப் பிடித்திருந்தார், தோள் இரண்டும் குலுங்கின.

"அண்ணா!"

ஓடிப்போய்த் தலையணையைப் பிடுங்கினார். அண்ணனின் முகம் செக்கச்செவேல் என்றிருந்தது. கண்ணில் தண்ணீர், நெற்றியில் வேர்வை. வாயை இறுக்க மூடியிருந்தார். தம்பியைப் பார்த்ததும் மூச்சை விட்டார்.

"கீழ கோல் வந்துடுச்சாடா?" என்று கேட்டார். "இப்ப கத்தலாமா?"

கண்ணாடிக்காரர் தலையணையை அவர் மடியிலேயே போட்டார். அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

அண்ணி உள்ளேயிருந்து வந்து இடுப்பில் கைவைத்து நின்றார். "வாங்க தம்பி. நீங்களே கேளுங்க இந்தக் கூத்தை. ஆட்டம் ஆரம்பிச்சதுலேர்ந்து தலையணையும் கையுமா உட்கார்ந்திருக்காரு. கத்தினாக்கூட நெஞ்சுக்கு ஒண்ணும் ஆகாது, அடக்கி அடக்கியே ஏதாவது ஆகிடப்போகுதுன்னு சொன்னேன். கேட்டாத்தானே?"

"எதுக்கு?" என்றார் கண்ணாடிக்காரர். 

அண்ணன் தலையணையை மடியில் வைத்துத் தடவினார். அந்தப் பெரிய குரலைத் தேடிப்பிடித்துச் சின்னதாக்கிப் பேசினார்.

"போன ஆட்டத்துல நான் கோல்னு கத்தினேன். நீ தட்டல. என்னடா, தம்பி தட்டலையேன்னு ஒரு மாதிரி ஆயிடுச்சு. டீச்சர் இங்கதான் நின்னுக்கிட்டு இருந்தாங்க. கேட்டேன். அவர் இன்னும் கோலே பாக்கலையே, எங்களுக்கு எல்லாம் லேட்டாத்தான் வரும்னு சொன்னாங்க. அப்பதான்டா எனக்கு உறைச்சுது." தலையணையின் மூலையை இழுத்துவிட்டார். "ரெண்டு வருஷமா நீ தட்டினதெல்லாம் சந்தோஷத்துல தட்டறேன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். பேசத்தான் மாட்டேங்கறான், கோல் விழுந்தா எங்கூட சேர்ந்து கொண்டாடறானேன்னு. நீ தட்டத் தட்ட நானும் இன்னும் பலமாக் கத்துவேன். காலால தட்டிக் காட்டுவேன்."

 டிவியில் கூட்டம் இரைந்துகொண்டிருந்தது.

"கோபத்துலதான் தட்டினேன்" என்றார் கண்ணாடிக்காரர். பொய் சொல்ல அவருக்கு வராது.

"தெரியுதுடா இப்ப." அண்ணன் மூக்கை உறிஞ்சினார். "அதான் இன்னிக்காவது நீ உன் கோலை நீயா பாக்கட்டும்னு..."

கண்ணாடிக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. தம்பி உடைந்து அழுதுவிடுவாரோ என்ற பயத்தில் அண்ணன் டிவி பக்கம் திரும்பினார். அந்த நேரம் பார்த்தா அது நடக்க வேண்டும்? எதிரணியின் குட்டை ஆள் ஒருவன் எங்கிருந்தோ தலையை நீட்டி முட்டினான். பந்து நீலச்சட்டையின் வலையில் கிடந்தது. ஒன்றுக்கு ஒன்று.

 கண்ணாடிக்காரர் உள்ளே வந்து நான்கு நிமிடம்கூட ஆகவில்லை. கணக்கு அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. மூன்று வருடம் முன்பு கேட்ட அதே வாக்கியம் அண்ணன் வாயிலிருந்து வருவதற்குள் போய்விடலாம் என்று கையை ஊன்றி மெல்ல எழுந்தார்.

"எங்கடா போற?"

"கீழ போய்ப் பாக்கறேண்ணா. நான் இங்க இருந்தா..."

அண்ணன் எட்டி அவர் மணிக்கட்டைப் பிடித்தார். லிஃப்ட் கம்பியை இழுத்துப் பழகிய கை, உதறினால் விடுபடுகிற பிடி இல்லை. "உட்காரு" என்றார். "தோத்தா தோத்துட்டுப் போறானுங்க. நீ உட்காரு."

மன்னிப்பு கேட்கிற வழக்கம் அந்தக் குடும்பத்தில் யாருக்கும் கிடையாது. கண்ணாடிக்காரருக்கு அது தெரியும், அதனால் காதில் விழுந்ததே போதும் என்று அவருக்குப் பட்டது. சோபாவில் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தார். சற்றுநேரத்தில் டீச்சரும் கணினியை அப்படியே ஓடவிட்டுவிட்டு மேலே வந்துவிட்டார். அண்ணி நான்கு பேருக்கும் டீ போட்டார். அண்ணன் பிடித்த கையை விடவில்லை, இவர் டீயை இடது கையால் குடித்தார்.

கடைசி நிமிடத்தில் எதிரணி இன்னொரு கோல் அடித்தது. விசில் ஊதினார்கள். நீலச்சட்டை ஆட்டக்காரர்கள் புல்லில் மல்லாந்து விழுந்தார்கள். கண்ணாடிக்காரர் தலையைத் திருப்பாமல் ஓரக்கண்ணால் அண்ணனைப் பார்த்தார். டீச்சரும் அண்ணியும்கூட அவரைத்தான் பார்த்தார்கள்.

அண்ணன் மூச்சை நன்றாக இழுத்தார். பிறகு தெருமுனைவரை கேட்கும்படி கத்தினார்.

"அந்த ரெஃப்ரீ கால் வச்ச இடம் விளங்காதுடா!"